மொட்டை மாடியில் மூன்று பெண்கள்

லண்டன்
12 ஏப்ரல் 1991

மரியாதைக்குரிய அக்கா ஸபீகாவுக்கு, தம்பி மிஷாரியின் சலாம்.

இங்கே நானும் சுஆதும் பிள்ளைகளும் இறைவன் கருணையால் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதே எப்போதும் எங்கள் பேச்சு. நம் பெரியப்பா மகன் யாகூபின் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். “அக்கா பேச வர மாட்டேங்கிறாங்க, எதுவானாலும் எழுதச் சொல்றாங்க” என்றான். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஏழு மாதமும் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து நாம் பட்ட வேதனை கொஞ்சமல்ல. சுஆதுக்கு இரத்த அழுத்தமே வந்துவிட்டது. இனி அழுது பயனில்லை. இங்குள்ள நம்மவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்திருக்கிறோம். ஆக்கிரமிப்பில் பறிபோன ஓவியங்கள், சிலைகள், பழஞ்சுவடிகள் பற்றி உலகத்துக்குச் சொல்லப்போகிறோம். நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல் தலைவராக்கிவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில், விடுதலையின் முதல் ஆண்டு நிறைவுக்கு, பறிபோனவற்றின் புகைப்படங்களை வைத்துக் கண்காட்சி. நம் சகோதரி குமாஷா வரைந்த ‘மொட்டை மாடி’ படம்தான் வாசலில் நிற்கும்.

ஆகையால், படையினர் படத்தை எப்படிக் கொண்டுபோனார்கள், சட்டத்தை உடைத்தார்களா, கத்தியால் அறுத்தார்களா, நீங்கள் தடுத்தபோது அடித்தார்களா, எல்லாம் எழுதி அனுப்புங்கள். படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும்படி கொஞ்சம் விவரமாக எழுதினால் நல்லது.

உங்கள் துஆவை வேண்டும் தம்பி,
மிஷாரி


குவைத், ஷாமியா
3 மே 1991

தம்பி மிஷாரிக்கு,

உன் மேலும் உன் வீட்டார் மேலும் சலாம். சுகம் கேட்டிருந்தாய். நண்பகலில் விளக்கு ஏற்றிவைத்து இதை எழுதுகிறேன். எண்ணெய்க் கிணறுகள் இன்னும் எரிகின்றன. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கிறோம். மூக்கைச் சிந்தினால் மை வருகிறது. மற்றபடி சுகம். உன் சுகத்தைத் திருப்பிக் கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

“நாம் பட்ட வேதனை” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘நாம்’ யார் என்று எனக்குத் தெரியவில்லை. சுஆதின் இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்.

படையினர் வந்தார்கள். குளிர்பெட்டி, அடுப்பு, ஏசி, மெத்தை, குழாய்கள், குளியலறையின் கண்ணாடி, நீ அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்து யாரையும் தொடவிடாத அந்த மசாஜ் நாற்காலி, எல்லாம் போயிற்று. நாற்காலிக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. குமாஷா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவளுடைய மற்ற படங்கள் மாட்டியிருந்தன அல்லவா? அங்கே முகாம் போட்டவர்கள் குளிருக்கு அவற்றை உடைத்துப்போட்டு டீ வைத்துக் குடித்திருக்கிறார்கள். சாம்பலில் ஆணிகளைத்தான் பார்த்தேன். இனி அவள் கைபட்டது அந்த மொட்டை மாடிப் படம் ஒன்றுதான் இந்த உலகத்தில்.

அதைப் படையினர் தொடவில்லை. கேட்டுக்கொள். ஒருத்தன் அதன் முன்னால் நின்றான். இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை.

“இது யாரும்மா, பாயில தண்ணி தெளிக்கிறது?”

“எங்கம்மா.”

“எங்கம்மாவும் ராத்திரி மாடியில இப்படித்தான் தெளிக்கும். அப்பத்தான் சூடு அடங்கும்னு சொல்லும்.”

சொல்லிவிட்டுப் படத்துக்குக் கீழே கிடந்த கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். படத்தை விட்டுவிட்டான்.

அதை எடுத்தவன் அக்டோபரில் வந்தான். கோட்டு சூட்டு போட்டு, கதவைத் தட்டி, உத்தரவு கேட்டு உள்ளே வந்தான். எந்த அறை, எந்தச் சுவர் என்று யாரிடமும் கேட்கவில்லை. நேராக நடந்தான்.

அறுத்தார்களா, உடைத்தார்களா, அடித்தார்களா என்றெல்லாம் கேட்கிற நீ, எடுத்தது யார் என்று ஏன் கேட்கவில்லை? அதை நீயே எழுது. காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஸபீகா


லண்டன்
21 மே 1991

மதிப்புக்குரிய அக்காவுக்கு சலாம்.

கடிதம் கண்டேன். நீங்கள் உயிரோடு, மானத்தோடு இருப்பதற்கு இறைவனுக்கு நன்றி. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை.

நீங்கள் எழுதிய அந்தச் சிறுவன் கதை மனதைத் தொட்டது. ஆனால் அதைக் கண்காட்சியில் போட முடியாது. எதிரியை நல்லவனாகக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

எடுத்தவன் யார் என்று நான் இங்கிருந்து எப்படிச் சொல்ல முடியும்? வீடு தெரிந்தவன் என்றால் நம் பழைய டிரைவராக இருக்கலாம், பக்கத்துத் தெருத் தச்சனாக இருக்கலாம். யாராக இருந்தால் என்ன? சீருடை போட்டவனும் கோட்டுப் போட்டவனும் ஒரே கூட்டம்தான். ‘ஆக்கிரமிப்புப் படையினரால் கொள்ளையிடப்பட்டது’ என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சுக்கும் போய்விட்டது. நீங்களும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பேச்சு ஒன்றாக இருக்கட்டும்.

அன்புள்ள தம்பி,
மிஷாரி


குவைத்
9 ஜூன் 1991

மிஷாரிக்கு,

சலாம். பிள்ளைகள் நன்றாகப் பரீட்சை எழுதட்டும்.

டிரைவர், தச்சன்! வெட்கமாக இல்லையா உனக்கு? அந்தத் தச்சன் பேக்கரி வரிசையில் விடியற்காலையில் எனக்காக நின்று ரொட்டி வாங்கிக் கொடுத்தவன். உன் வாயில் அவன் பேர் வரக்கூடாது.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. நானே எழுதுகிறேன். வந்தவன் குதைபா. பஸ்ராவிலிருந்து மாதாமாதம் வந்து ஆண்கள் கூடிப் பேசும் நம் திவானியாவில் சாய்ந்துகொண்டு, உன் சிகரெட்டைப் பிடித்து, உன்னைக் “கலாரசிகர் அபு ஃபவாஸ்” என்று புகழ்ந்துகொண்டிருந்த உன் அருமைக் கூட்டாளி. பின்னால் இராணுவ லாரி, இரண்டு சிப்பாய்கள். நீ உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தான்.

“காபி கிடைக்குமா ஸபீகாம்மா?”

“அடுப்பே இல்ல. உங்க ஆளுங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அடடா, காட்டுமிராண்டிப் பசங்க. சரி விடுங்க, காபிய நான் முன்னாடியே குடிச்சாச்சு. அதுக்கு உண்டான பொருள எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

நான் படத்தை மறைத்து நின்றேன். “திருட்டுப் பயலே” என்றேன். இதைவிட மோசமாகவும் சொன்னேன், எழுத வேண்டாம். அவன் முகம் சுளிக்கவில்லை.

“திருட்டா? உங்க தம்பி வாயால குடுத்ததும்மா இது. அத்தன பேர் சாட்சி. அவர் வார்த்தைய நீங்களே பொய்யாக்கினா அவருக்குத்தானே அசிங்கம்?”

சிப்பாய்கள் “நகருங்கம்மா, நகருங்க” என்று என்னை முழங்கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். நோகாமல்தான் நிறுத்தினார்கள். உன் கமிட்டிக்கு அதுவும் பிடிக்காது.

இப்போது உனக்கு ஞாபகம் வருகிறதா? அந்தப் படம் பெண்கள் பக்கத்துக் கூடத்தில் தொங்கியது. அம்மா பாயில் தண்ணீர் தெளிக்கிறாள், நான் தலைக்குக் குளித்து ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், குமாஷா முக்காடில்லாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்க்கிறாள். வீட்டுப் பெண்கள் வீட்டுப் பெண்களுக்காக இருந்த படம். அதைக் கழற்றித் திவானியாவில், ஊர் ஆண்கள் நடுவில், நீ மாட்டினாய். கேட்டதற்கு, “படந்தானேக்கா, படத்துக்கு என்ன மானம்? அங்க சுவரு சும்மா கெடக்குது” என்றாய். உன் ஜம்பத்துக்கு ஒரு சாமான் வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை குதைபா காபிக் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தான். விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால், கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வாயில் ஏதாவது வருமுன் என்ன வேண்டும் என்று கேட்கிற புத்தி உனக்கு இருந்ததா? பேரீச்சம்பழத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன்.

“குடிங்க குதைபா, குடிங்க! எதக் கேட்டாலும் குடுத்தாச்சு!”

“அந்தப் படம்.”

நீ சிரித்தாய். “அவ்வளவுதானா? உங்களோடது!” என்றாய். “இப்ப இருக்கட்டும், வீடு கட்டி முடிச்சதும் வந்து எடுத்துக்கிறேன்” என்று அவன் குடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மூன்று பேரையும் ஒரு மிடறு காபிக்குக் கொடுத்தாய்.

உன் அக்கா,
ஸபீகா


லண்டன்
2 ஜூலை 1991

அக்காவுக்கு சலாம். எல்லோரும் சுகம், உங்கள் சுகமே வேண்டும்.

நீங்கள் எழுதிய தொனி என்னைப் புண்படுத்தியது. இருந்தாலும் மூத்தவர், பட்ட கஷ்டம் அப்படிப் பேச வைக்கிறது என்று பொறுத்துக்கொள்கிறேன்.

திவானியாவில் ஆண்கள் பேசுவது உங்களுக்குப் புரியாது. அதெல்லாம் உபசாரப் பேச்சு. யார் வேண்டுமானாலும் சொல்வது. மானமுள்ளவன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு லாரியோடு வருவானா? அவன் செய்தது கொள்ளைதான். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் காபி விஷயம் கமிட்டியின் காதுக்குப் போக வேண்டாம். வெள்ளைக்காரர்களுக்கு நம் பழக்கம் தெரியாது, கோணலாக எடுத்துக்கொள்வார்கள். படத்தை மீட்க முடியுமானால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யார்? அந்தப் பயல் எங்கே இருக்கிறான் என்று மட்டும் தெரியட்டும். என்ன வேண்டுமானாலும் செய்யத் தயார்.

தம்பி மிஷாரி


அம்மான்
14 செப்டம்பர் 1991

மேன்மைமிகு ஸபீகா அம்மையாருக்கு, குதைபாவின் வணக்கமும் சலாமும்.

கெய்ரோ வழியாக உங்கள் ஆள் கொண்டுவந்த கடிதம் கிடைத்தது. நாய் என்று ஓரிடத்திலும், நாயைவிடக் கேவலம் என்று இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன், மகிழ்ச்சி. நான் சுகமில்லை. மார்ச் மாதக் கலகத்தில் பஸ்ராவில் என் வீடு தரைமட்டமாயிற்று. மனைவியும் நானும் இரண்டு பெட்டிகளோடும் உங்கள் படத்தோடும் இங்கே ஒண்டுக்குடித்தனம்.

படம் பத்திரமாக இருக்கிறது. ஈரம் படாத சுவர். என் மனைவிக்கு அது பிடிக்காது. அந்த மூன்று பெண்களும் முறைக்கிறார்களாம்.

கொள்ளை என்கிறீர்கள். நான் கேட்டேன், அபு ஃபவாஸ் கொடுத்தார், நான் குடித்தேன். லாரியோடு வந்தது தப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதத்தில் லாரி சுலபமாகக் கிடைத்தது.

ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன். அன்று சொன்னது வெறும் வாய்ப்பேச்சு, மனதார நான் கொடுக்கவில்லை, திருப்பிக் கொடு என்று உங்கள் தம்பி தன் கையால் நான்கு வரி எழுதி அனுப்பட்டும். அன்றைக்கே படத்தைக் கட்டி உங்கள் ஆளிடம் ஒப்படைக்கிறேன். ஒரு காசு வேண்டாம். பத்து வருஷம் என்னை உட்கார வைத்துத் தன் கொடைத்தன்மையைப் பற்றிப் பேசியே என் காதைத் தேய்த்தவர் அவர். அவருடைய வார்த்தை வெறும் காற்று என்று அவரே எழுதிய காகிதம், எந்த ஓவியத்தையும்விட எனக்கு ரசனையாக இருக்கும்.

என் வார்த்தையை நான் காப்பாற்றுவேன். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் அதை மட்டும் சொல்ல முடியாது.

தங்கள் நலம் நாடும்,
குதைபா


குவைத்
30 செப்டம்பர் 1991

அன்புத் தம்பி மிஷாரிக்கு,

உனக்கும் சுஆதுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாமும் முத்தங்களும். எல்லோரும் சுகமாக இருங்கள்.

படம் இருக்கிறது! கிழியவில்லை, எரியவில்லை. அம்மான் நகரத்தில் ஒரு வாடகை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யாகூப் தெரிந்தவர்களைப் பிடித்துப் பிடித்துக் குதைபாவைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

அவன் அயோக்கியன்தான், அதைப் பற்றி உன்னோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அயோக்கியன் கேட்பது நான்கே வரி. உண்மையான நான்கு வரி. “உபசாரப் பேச்சு, நான் கொடுக்கவில்லை” என்று ஜூலையில் எனக்கு எழுதினாய் அல்லவா, அதையே அவனுக்கு எழுது. வேறொன்றும் வேண்டாம்.

நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம்கூட வாயை அடக்கவில்லை, யாகூபைக் கேள். இப்போது கெஞ்சுகிறேன். குமாஷா கார் விபத்தில் போனபோது அவளுடைய துணிமணிகளைக்கூட அப்பா தானம் பண்ணிவிட்டார். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு வரமாட்டேன் என்கிறது. அந்தப் படத்தில் அவள் பாதி முகம்தான் தெரியும், ஆனால் அவளே வரைந்த முகம். அது எனக்கு வேண்டும். படுக்கிற அறையில் மாட்டிக்கொள்கிறேன், யாருக்கும் காட்ட மாட்டேன். எழுதிவிடு தம்பி.

உன் பாசமுள்ள அக்கா,
ஸபீகா


லண்டன்
26 அக்டோபர் 1991

அன்பு அக்காவுக்கு சலாம். உங்கள் முத்தங்களைப் பிள்ளைகளிடம் சேர்த்தேன்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். கண்காட்சி வேலையில் மூச்சுவிட நேரமில்லை. தூதர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குதைபாவின் கடிதத்தைப் படித்தேன். எவ்வளவு தந்திரம் பாருங்கள். அப்படியொரு காகிதம் அவன் கையில் கிடைத்தால் சும்மா வைத்திருப்பானா? பஹ்ரைன், துபாய், கெய்ரோ என்று ஒவ்வொரு வியாபாரியின் மேஜைக்கும் நகல் போகும். காபி குடிக்கச் சொல்லிக் கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவன் என்று என் காது படவே சிரிப்பார்கள். நாளைக்கு என் மகன் ஃபவாஸுக்குப் பெண் கேட்டுப் போனால் என்ன சொல்வார்கள்? ஒரு படத்துக்காகக் குடும்பத்தின் பெயரைக் கொடுப்பதா?

யோசிக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

மிஷாரி


குவைத்
11 நவம்பர் 1991

மிஷாரிக்கு,

சலாம். கடைசிக் கிணற்றையும் அணைத்துவிட்டார்கள். வானம் தெரிகிறது.

யோசித்தாயா? எழுதினாயா?

ஸபீகா


லண்டன்
5 டிசம்பர் 1991

அன்பு அக்காவுக்கு சலாம். வானம் தெளிந்த செய்தி கேட்டுக் கண் கலங்கினேன். எல்லோரும் சுகம்.

உங்கள் மனசு நோகக்கூடாது என்பதற்காக, என் பெயரைப் பற்றி நினைக்காமல் குதைபாவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அம்மானுக்குப் போகிற நண்பர் ஒருவர் கையில் நேரில் கொடுத்தாயிற்று. இனி என் கையில் எதுவுமில்லை.

ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். அவன் சொன்ன சொல்லில் நிற்கிற ஜாதி இல்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுக்காமல் ஏமாற்றினாலும் ஏமாற்றுவான். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். என்னால் ஆனதை நான் செய்துவிட்டேன்.

உங்களுக்காக எதையும் செய்யும் தம்பி,
மிஷாரி


அம்மான்
10 ஜனவரி 1992

மேன்மைமிகு ஸபீகா அம்மையாருக்கு சலாம். தங்கள் நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

சுவீடனில் இருக்கும் மைத்துனர் எங்களுக்கு விசா வாங்கிவிட்டார். வருகிற வாரம் கிளம்புகிறோம். போவதற்கு முன் உங்களுக்கு ஒரு பதில் பாக்கி. உங்கள் தம்பியின் கடிதம் வந்தது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். மை மங்கலாக விழுந்திருக்கிறது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்:

“சகோதரர் குதைபாவுக்கு சலாம். என் அக்கா வருத்தத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெண்பிள்ளை. எங்கள் வீட்டு ஆண்கள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை. காபியைக் குடித்தீர்கள், படம் உங்களுடையது, நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும். மிஷாரி.”

இதை எதிர்பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன். உங்கள் படத்தைக் கட்டுவதற்குச் சாக்கும் கயிறும் வாங்கி வைத்திருந்தேன். பாதி நாள் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நீங்கள் எழுதியிருந்தபடி, கொள்ளை என்று லண்டனில் அச்சடித்துவிட்டு, எனக்கு மட்டும் வள்ளலாகவே இருக்க ஆசைப்படுகிறார். அவமானத்துக்கு இவ்வளவு பயந்தவரை நான் பார்த்ததில்லை.

கொடுத்தவர் மறுபடியும் கொடுத்துவிட்டார், இந்த முறை எழுத்தில். அசல் என்னிடம் இருக்கும். எங்கே போனாலும் படத்தோடு அதையும் கொண்டுபோவேன். உங்களுக்கு நகல் அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. உங்களிடம் பேசியபோதெல்லாம் அந்த வீட்டில் ஆண்பிள்ளை நீங்கள்தான் என்று நினைத்திருக்கிறேன்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டியாகிவிட்டது.

குதைபா


குவைத்
5 பிப்ரவரி 1992

மிஷாரிக்கு,

நீ அம்மானுக்கு எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் வந்துவிட்டது. உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அலிஃப் எழுதக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

படித்துவிட்டு நான் அழவில்லை. யாகூபைக் கூப்பிட்டு, “திங்கக்கெழம திவானியாவுல எல்லாரும் வந்ததும் இத வாசி” என்றேன்.

“அக்கா, வேண்டாங்க்கா. அவன் முகத்துல ஊர் முழிக்காது.”

“அவனுக்கு ஊரு நல்ல பேரு குடுக்கணும்னு ஆச. கொடையாளின்னு பேரு. வாசி.”

வாசித்தான். நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, உள்ளே போய் வாசற்படியில் நின்றேன். அன்று கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். “எங்கள் வீட்டு ஆண்கள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை” என்ற இடத்தில் யாகூப் காகிதத்தை மடிக்கப் பார்த்தான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஆக்கிரமிப்பு முடிந்து வருஷம் நெருங்கும்போது, லாரியில் வந்து அள்ளிக்கொண்டு போனவனுக்கு “நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று நீ வாழ்த்தியதை எல்லோரும் இரண்டு தடவை கேட்டார்கள்.

அபு ஸாலிமின் மகனை ஆக்கிரமிப்பின்போது பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை, உயிரோடு இருக்கிறானா என்றும் தெரியாது. அவர் எழுந்தார். “இது எந்த மிஷாரி, நம்ம மிஷாரியா?” என்று யாகூபைக் கேட்டார். ஆமாம் என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தராகப் போனார்கள். யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டுகிற அளவுக்குக்கூட உன்னை மதிக்கவில்லை.

உன் கமிட்டிச் செயலாளருக்கும் ஒரு நகல் நேற்றுத் தபாலில் போயிற்று. வாசலில் வைக்கப்போகிற புகைப்படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். தூதர் வரும்போது நீ எங்கே நிற்பாய் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

கோழை என்று உன்னைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, கோழைக்குக் கொஞ்சமாவது பயத்தில் ஒரு நியாயம் இருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படங்களை எரித்தவர்களுக்குக் குளிர். கம்பளத்தைச் சுருட்டிய பையனுக்கு வீட்டு ஞாபகம். குதைபாவுக்கு உன் மேல் எரிச்சல். உனக்கு என்ன இருந்தது? நான்கு வரி எழுதினால் குமாஷா வீட்டுக்கு வந்திருப்பாள். நீயும் நான்கு வரிதான் எழுதினாய், அவளை அனுப்பிவிட.

அவள் எனக்கு வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் கெஞ்சி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை எழுதியிருப்பாய். இப்போது அவள் எந்த ஊரில், எந்தப் பனியில், எவன் வீட்டுப் பரணில் சுருண்டு கிடக்கிறாளோ. இனி தேடுவதற்கு எனக்கு வழியில்லை. திருடு போனதென்றால் தேடலாம், கேட்கலாம், வழக்குப் போடலாம். இது கொடுத்தது.

நீ இங்கே வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உனக்கும் பங்கிருக்கிறது. வா, உட்கார், யாகூப் காபி ஊற்றுவான். கூட உட்கார யாரும் வர மாட்டார்கள்.

பதில் எழுத வேண்டாம், பிரிக்க மாட்டேன்.

குமாஷாவின் அக்கா,
ஸபீகா